வீட்டு வயரிங்குக்கு எந்த ஒயர்? தடிமன், வெப்பம், தூரம் பற்றிய எளிய விளக்கம்

மின்பொருள் கடைக்குச் சென்று "ஏசிக்கு ஒயர் வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் வேறு எதுவும் கேட்காமல் 4 சதுர மில்லிமீட்டர் காயில் (ஒயர்ச் சுருள்) ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்பது கடையிலும் வேலை நடக்கும் வீட்டிலும் மனப்பாடமாகிவிட்ட வாய்ப்பாடு. அது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தியும் விடுகிறது. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாவிட்டால், அவை பொருந்தாத இடத்தையும் அடையாளம் காண முடியாது. ஓர் ஒயர் சுமக்கப்போகும் லோடு எவ்வளவு என்பது கணக்கில் பாதிதான். அது கிடக்கப்போகும் இடம் எவ்வளவு சூடானது, அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பவை மீதிப் பாதி. சுவருக்குள் போய்விட்ட ஒயரை மாற்றுவது பூச்சு வேலைக்கு முன் தேர்ந்தெடுப்பதைப் போல எளிதன்று என்பதால், வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுபவர்களும் இதை ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொள்வது நல்லது.

1.5 என்பது எதன் அளவு?

ஒயரின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 1.0, 1.5, 2.5, 4, 6 ஆகிய எண்கள், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்கின்றன. அவை விட்டத்தின் அளவு அல்ல. மேலே உள்ள பி.வி.சி. உறையையும் அவை கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே வெளியே தடியாகத் தெரியும் ஒயரெல்லாம் உள்ளேயும் தடியானது என்று கொள்ளக் கூடாது. மலிவான ஒயர்களில் பிளாஸ்டிக்கைத் தாராளமாகப் பூசி, செம்பில் கைவைப்பது பழைய தந்திரம்.

காயிலின் அட்டையில் பல நிறுவனங்கள் 22/0.3 என்பது போன்ற இன்னொரு குறிப்பையும் தருகின்றன. 0.3 மி.மீ. விட்டமுள்ள 22 இழைகள் உள்ளே இருக்கின்றன என்பது அதன் பொருள். அத்தகைய ஓர் இழையின் பரப்பு சுமார் 0.07 சதுர மி.மீ.; அதை 22-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.5 வரும். 36 இழைகள் இருந்தால் 2.5, 56 இருந்தால் 4. சில நிறுவனங்கள் இன்னும் மெல்லிய இழைகளை அதிக எண்ணிக்கையில் முறுக்குகின்றன. இழையின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துப் பரப்பைக் கணக்கிட்டால் விடை ஒன்றாகவே வர வேண்டும். ஒயரின் நுனியில் ஓர் அங்குலம் உறையை உரித்து, இழைகளைப் பிரித்து எண்ணிப் பார்ப்பது எவரும் செய்யக்கூடிய சோதனை.

வயதான எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் "1/18", "3/20", "7/20" என்று பேசுவார்கள். இது பழைய ஆங்கிலேய கேஜ் முறை. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது, ஒவ்வோர் இழையின் கேஜ். கேஜ் எண் கூடக் கூட இழை மெலியும் என்பது இதில் பலரையும் குழப்பும் இடம். 18 கேஜ் இழையின் விட்டம் சுமார் 1.22 மி.மீ.; 20 கேஜின் விட்டம் சுமார் 0.91 மி.மீ. அதன்படி 1/18 என்பது 1.2 சதுர மி.மீ. அளவிலும், 3/20 என்பது 2 அளவிலும், 7/20 என்பது 4.6 அளவிலும் வரும். ஆகவே பட்டியலில் 3/20 என்று எழுதித் தந்தால், கடையில் 2.5 வாங்குவது சரி, 1.5 வாங்குவது குறைவு. பேச்சில் பழைய கணக்கு ஓடட்டும். கொள்முதல் பட்டியலில் மட்டும் சதுர மி.மீ. கணக்கையே எழுதச் சொல்லுங்கள்.

ஒயர் ஏன் சூடாகிறது?

மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீருக்கு ஒப்பிட்டு, அதிகத் தண்ணீருக்குப் பெரிய குழாய் என்று விளக்குவது பள்ளிக்கூடப் பழக்கம். தொடக்கத்துக்கு அது உதவும்; ஆனால் குழாய் தண்ணீரால் சூடாவதில்லை, ஒயர் மின்னோட்டத்தால் சூடாகிறது. ஒயர் தேர்வின் அடிப்படையே அந்தச் சூடு என்பதால், அந்த உவமையை இங்கேயே விட்டுவிடலாம்.

செம்பு நல்ல கடத்திதான் என்றாலும் அதற்கும் மின்தடை உண்டு. மெல்லிய இழைகளால் ஆன 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 20 டிகிரி வெப்பநிலையில் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் வரை தடை இருக்கலாம் என்று தரநிர்ணயம் அனுமதிக்கிறது, 2.5-க்கு 7.98, 4-க்கு 4.95, 6-க்கு 3.30. உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5 ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 1.3 வாட் வெப்பம் உண்டாகும்; அதே ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் 2.6 வாட் அன்று, 5.3 வாட். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. "கொஞ்சம்தானே கூடுதல் லோடு" என்ற சமாதானம் மின்கம்பியிடம் செல்லாததற்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்குதான்.

செம்பு இந்தச் சூட்டைத் தாங்கிவிடும். தாங்க முடியாதது அதன் மேலுள்ள உறை. வீட்டு ஒயர்களில் வழக்கமாக இருக்கும் பி.வி.சி. உறை, செம்பின் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வரை பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். அதைத் தாண்டி நாள்தோறும் சூடேறினால், உறை முதலில் விறைக்கும், பிறகு வெடிக்கும், கடைசியில் உதிரும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால்தான் தவறான ஒயர் போட்ட வீட்டில் முதல் இரண்டு மூன்று வருடங்கள் ஒன்றும் தெரிவதில்லை.

ஆகவே "இந்த ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்ற கேள்வியின் உண்மையான வடிவம், "எத்தனை ஆம்பியர் ஓடும்வரை இது 70 டிகிரிக்குள் இருக்கும்?" என்பதே. சூழல் வெப்பம் 40 டிகிரியாக இருந்து, பைப்புக்குள் ஒரே ஒரு சுற்றின் (சர்க்யூட்டின்) ஒயர்கள் மட்டும் ஓடினால், தோராயமாக 1.0 ஒயருக்கு 11 ஆம்பியர், 1.5-க்கு 13, 2.5-க்கு 18, 4-க்கு 24, 6-க்கு 31 என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்கள் சற்று முன்பின்னாக இருக்கும். திறந்த சுவரில் கிளிப் அடித்து ஓடும் ஒயருக்குக் காற்று படுவதால், அதே ஒயர் இன்னும் கூடுதலாகத் தாங்கும். விளம்பர அட்டைகள் பெரும்பாலும் அந்தப் பெரிய எண்ணைத்தான் முன்னால் காட்டும்.

நம் ஊர்களில் இந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்றால், மொட்டை மாடித் தளத்தில். கூரைக் கான்கிரீட்டுக்குள் புதைத்த பைப்தான் பெரும்பாலான வீடுகளில் ஒயரின் பாதை. சித்திரை வெயிலில் பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் 50 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. அந்தச் சூடு உடனே இறங்குவதும் இல்லை. வேலூரிலோ கரூரிலோ மேல்மாடி அறையில் படுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏசி மும்முரமாக ஓடத் தொடங்குவதும் அந்த முன்னிரவு நேரத்தில்தான். சூழல் 50 டிகிரியாக இருந்தால், 70-ஐ எட்ட ஒயருக்கு மீதமிருப்பது 20 டிகிரி மட்டுமே. எனவே அதன் திறனைச் சுமார் 0.82-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே பைப்பில் மூன்று சுற்றுகளின் ஒயர்கள் ஒன்றாக நெருக்கிக்கொண்டு ஓடினால், ஒன்றின் சூடு மற்றதை வாட்டும் என்பதால் மேலும் 0.7-ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது 3000 வாட் கெய்சர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். 18 ஆம்பியர் தாங்கும் 2.5 ஒயர் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் மூன்று சுற்றுகள் ஓடும் கூரைப் பைப்பில் அந்த 18 ஆம்பியர், 0.82-ஆலும் 0.7-ஆலும் குறைந்து, 10 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே இடத்தில் 4 ஒயருக்குக் கிடைப்பது சுமார் 14; அதுவும் இழுபறிதான். 4 ஒயருக்குத் தனிப் பைப் கொடுத்துவிட்டால் 20-ஐ நெருங்குகிறது. கெய்சருக்கும் ஏசிக்கும் 4 ஒயர் என்ற வாய்ப்பாட்டின் நியாயம் இங்கே இருக்கிறது. அந்த வாய்ப்பாடு சொல்லாமல் விடுவது, தனிப் பைப் என்ற பாதியை. தடியான ஒயரை வாங்கி ஏற்கெனவே நிரம்பிய பைப்பில் திணிப்பதைவிட, பைப்பின் செலவைச் சேர்த்துக்கொள்வது மலிவு.

எம்சிபி காப்பது எதை?

ஃப்ரிட்ஜைக் காப்பாற்ற, டிவியைக் காப்பாற்ற எம்சிபி (மின்னோட்டம் எல்லை மீறினால் தானாக விழுந்து, அதாவது டிரிப் ஆகி, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அது முதன்மையாகக் காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரை. எனவே அதன் அளவுக்கு ஒரே விதி: லோடு எடுக்கும் மின்னோட்டத்தைவிட எம்சிபியின் எண் குறையக் கூடாது, ஒயர் தாங்கும் மின்னோட்டத்தைவிட எம்சிபியின் எண் கூடக் கூடாது. லைட்டுக்கான 1.5 ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 ஒயருக்கு 16, தனிப் பைப்பில் ஓடும் 4 ஒயருக்கு இடத்தின் சூட்டைப் பொறுத்து 16 அல்லது 20 என்பது பாதுகாப்பான வழக்கம். கூரைப் பைப்பில் 10 ஆம்பியருக்கு இறங்கிவிட்ட 2.5 ஒயருக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டால், ஒயர் வெந்துகொண்டிருக்கும்போதும் எம்சிபி அசையாமல் இருக்கும். காகிதத்தில் இணை சரியாகத் தெரிந்தாலும் இடம் அதைக் கெடுத்துவிடுகிறது.

அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 போடும் பழக்கத்தை இந்தக் கட்டுரையில் எங்காவது கடிந்து சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் சொல்ல வேண்டும். டிரிப் ஆகும் எம்சிபி தன் வேலையைச் செய்கிறது. அதற்கான மருந்து லோடைப் பிரித்துத் தனிச் சுற்று இழுப்பது. பழைய ஃபியூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் இதே தவறின் முந்தைய தலைமுறை வடிவம்.

அறைக்கு அறை

விளக்குகளும் மின்விசிறிகளும் இன்று மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கின்றன. 9 வாட் எல்இடி பல்புகள் பத்தும், 75 வாட் விசிறிகள் நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 2 ஆம்பியரை எட்டாது. கணக்குப்படி 1.0 ஒயரே மிகை. ஆயினும் 1.5 போடுவதையே நான் விரும்புவேன். ஏனெனில் லைட் பாயின்டாகத் தொடங்கிய ஸ்விட்ச் போர்டில் ஐந்து வருடம் கழித்து எவரோ ஒருவர் அயர்ன் பாக்ஸைச் செருகுவார், அது 1000 வாட்.

சமையலறையில்தான் சிக்கனம் கூடாது. மிக்ஸி 750 வாட், கிரைண்டர் 150 வாட், கெட்டில் 1500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்று காலை ஏழு மணிக்கு எல்லாம் ஒன்றாக ஓடும் இடம் அது. கூட்டினால் 4400 வாட், 19 ஆம்பியர். இதை 2.5 ஒயரின் ஒரே சுற்றில் சங்கிலிபோல் ஒரு பிளக்கிலிருந்து இன்னொரு பிளக்குக்கு இழுத்துக்கொண்டு போனால், முதல் பிளக்குக்கு வரும் துண்டு ஒயர் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். மேடைக்கு இரண்டு தனிச் சுற்றுகள், இண்டக்‌ஷனுக்கும் மைக்ரோவேவுக்கும் ஒன்று, மற்றவற்றுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டால் 2.5 போதுமானதாகிவிடும். மற்ற அறைகளின் சாதாரணப் பிளக்குகளுக்கும் 2.5 போதும்.

1.5 டன் ஏசி முழு வேகத்தில் 1500 முதல் 1800 வாட் வரை, அதாவது 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 4 ஒயர் போடுவது அது நீண்ட நேரம் தொடர்ந்து ஓடுவதாலும், கோடையில் மின்னழுத்தம் இறங்கும் நாட்களை மனத்தில் வைத்தும்தான். மின்சாரக் கார் சார்ஜர் வைக்க எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்காக எடுக்கும். அதற்கு 6 கூடப் பற்றாது, 10 சதுர மி.மீ. தனிச் சுற்று வேண்டும். கார் பிறகு வரட்டும், பைப்பை மட்டும் இப்போதே பெரிதாகப் புதைத்து வையுங்கள்.

நியூட்ரலில் சிக்கனம் செய்வது இன்னொரு பொதுவான குறை. ஒற்றைப் பேஸ் சுற்றில் போகும் மின்னோட்டம் முழுதும் நியூட்ரல் வழியாகவே திரும்புகிறது. எனவே இரண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பொதுவாக ஒரே நியூட்ரல் இழுத்தால், எல்லாச் சுமையும் அந்த ஒரு ஒயரில் சேரும். நியூட்ரலில் எம்சிபி இல்லாத வீட்டில் அதை எதுவும் தடுக்காது. எர்த் ஒயரும் 16 சதுர மி.மீ. வரையுள்ள சுற்றுகளில் பேஸ் ஒயரின் அளவிலேயே இருப்பது பாதுகாப்பான விதி. பழுது நேரும்போது எர்த்தில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் எம்சிபி உடனே விழும்.

நிறங்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் மூன்று பேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை. இதில் ஒரு பொறி உண்டு. சாதனங்களோடு வரும் மூன்றிழைக் கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவருக்குள் பேஸாக இருக்கும் நீலம், கார்டில் நியூட்ரலாக மாறிவிடுகிறது. நிறத்தை மட்டும் நம்பிப் பிளக் மாட்டுபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிச்சுப் போடுவதே முறை.

தூரம் கூடினால்

வீட்டுக்குள் 15, 20 மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் தூரம் பெரிதாகத் தெரிவதில்லை. தோட்டத்துக் கிணற்றுக்கோ, மனையின் மூலையிலுள்ள ஆழ்துளைக் கிணற்றுக்கோ ஒயர் இழுக்கும்போது கேள்வி மாறுகிறது. அங்கே ஒயர் சூடாகுமா என்பதைவிட, மோட்டாருக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் எவ்வளவு என்பதே முக்கியம்.

ஒரு குதிரைத்திறன் கொண்ட ஒற்றைப் பேஸ் நீர்மூழ்கி மோட்டார் 8 ஆம்பியர் எடுப்பதாகவும், அது மீட்டர் போர்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். கிணற்றின் ஆழமும் இந்தத் தூரத்தில் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கிணற்றுக்கு 30 மீட்டர், கிணற்றுக்குள் மோட்டார் 70 மீட்டர் ஆழத்தில் என்றாலே 100 வந்துவிடும். போகவும் வரவும் 200 மீட்டர் ஒயர். 1.5 அளவு என்றால் தடை 2.66 ஓம், 8 ஆம்பியரால் பெருக்கினால் 21 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 230-இல் அது 9 விழுக்காடு. 2.5 போட்டால் இழப்பு சுமார் 13 வோல்ட். 4 போட்டால் 8 வோல்ட். 6 போட்டால் 5 வோல்ட். விளக்குகளுக்கு 3 விழுக்காடும் மற்றவற்றுக்கு 5 விழுக்காடும் இழப்பின் எல்லை என்பது பொதுவான நெறி. ஆகவே ஆம்பியர் கணக்கில் 1.5 ஒயரே போதுமென்று தோன்றிய இந்த மோட்டாருக்கு, தூரக் கணக்கில் 4 வேண்டியிருக்கிறது.

மோட்டார் கிளம்பும் கணத்தில் நிலைமை இன்னும் கடுமை. அப்போது அது வழக்கத்தைப் போல ஐந்து மடங்கு மின்னோட்டம் கேட்கும். மெல்லிய ஒயரில் அந்தக் கணத்து இழப்பும் ஏறத்தாழ அதே மடங்கு ஏறும். மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்பதற்கும், சுருள் புகைந்து போவதற்கும் பல நேரங்களில் மோட்டார் காரணமாக இருப்பதில்லை. ஏற்கெனவே மின்னழுத்தம் குறைந்த கிராமத்து லைனில் மெல்லிய ஒயரும் சேர்ந்தால் ரீவைண்டிங் கடைக்கு நடை ஓயாது. கிணற்றுக்குள் இறங்கும் பகுதிக்கு மூன்று இழைகள் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டைக் கேபிளையே போட வேண்டும். ஒற்றைப் பேஸ் மோட்டாராக இருந்தாலும் ரன், ஸ்டார்ட், காமன் என்று மூன்று இழைகள் தேவைப்படுகின்றன. தட்டையான வடிவம், கேசிங் குழாய்க்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் உரசாமல் இறங்க உதவுகிறது.

இதே இழப்புக் கணக்கின் இன்னொரு முகத்தை இன்வெர்ட்டரில் காணலாம். 600 வாட் லோடு 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அந்த 600 வாட்டை 12 வோல்ட் பேட்டரி தர வேண்டுமானால் 50 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர் விரல் தடிமனில் இருப்பதற்கும், நிறுவனம் தந்த நீளத்துக்குமேல் அதை நீட்டக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே. ஒயரின் தடிமனை முடிவு செய்வது வாட் அன்று, ஆம்பியர்.

உறையைத் தேர்ந்தெடுத்தல்

செம்பின் அளவு முடிவான பின் உறையைப் பார்க்க வேண்டும். அட்டையில் எஃப்.ஆர். என்றிருந்தால், தீ அந்த ஒயர் வழியே எளிதில் பரவாது என்று பொருள். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, எஃப்.ஆர். உறை எரிந்துகொண்டிருக்கக் குறைந்தது 29 விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்பது சோதனை. ஆனால் எஃப்.ஆர். உறையும் பி.வி.சி.தான், பெரிய தீயில் அகப்பட்டால் அது கரும்புகையையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் வெளியிடும். தீ விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுடரைவிடப் புகைதான். எஃப்.ஆர்.எல்.எஸ். வகையில் இந்தப் புகையும் அமில வாயுவும் குறிப்பிட்ட எல்லைக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஹாலஜன் இல்லாத வகை என்று விற்கப்படுவதில் குளோரினே கிடையாது. தனி வீட்டுக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். போதும் என்பது என் கருத்து. ஒரே படிக்கட்டு வழியாகப் பலர் வெளியேற வேண்டிய அடுக்குமாடி, மருத்துவமனை, திருமண மண்டபம் போன்றவற்றுக்கு ஹாலஜன் இல்லாத வகைக்கான கூடுதல் செலவு நியாயமானது.

சுவருக்குள் ஓடும் ஒற்றை ஒயரை, எக்ஸ்டென்ஷன் செய்யவோ தரையில் ஓடவிடவோ பயன்படுத்தக் கூடாது. அசையும் இடங்களுக்கு, மேலே இன்னோர் உறையுடன் வரும் மூன்றிழைக் கார்டுதான் சரி. அயர்ன் பாக்ஸ் கார்டுக்கு நூல் பின்னிய உறை இருப்பது அழகுக்காக அன்று, சூடான தட்டில் பட்டாலும் உருகாமல் இருப்பதற்காக. மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு இரும்புக் கவசம் உள்ள வகை வேண்டும்; மண்வெட்டியும் எலியும் பி.வி.சி.யைப் பொருட்படுத்துவதில்லை. சிசிடிவி, இணையக் கேபிள்களை மின் ஒயர் ஓடும் பைப்பிலேயே போடாமல் தனிப் பைப்பில் இழுத்தால் போதும்.

வீட்டு மாடியில் சூரிய மின்சாரத்துக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டம் 2024-இல் வந்தபின் மாடியில் சூரியத் தகடுகள் பெருகியிருக்கின்றன. அங்கே சாதாரண வீட்டு ஒயர் ஒருபோதும் ஆகாது. வெயிலின் புற ஊதாக்கதிர் பி.வி.சி.யைச் சில வருடங்களில் நொறுங்க வைத்துவிடும். தகடுகளிலிருந்து வருவதோ நேர்மின்சாரம். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால் பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் பொறி கிளம்பினால் நிற்காமல் எரியும். அதனால் 1500 வோல்ட் நேர்மின்சாரத்துக்கென்றே ஐ.எஸ். 17293 தரத்தில் செய்யப்படும் சூரியக் கேபிளைத்தான் போட வேண்டும். அதன் இழைகளுக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெட்டிப் பார்த்தால் வெள்ளியாக மின்னும்.

வாங்கும்போது

வீட்டு ஒயருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 694. ஒயரின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டச்சு செய்தால் அது எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். போலிச் சரக்கு விற்பவர் அந்த இரண்டு நிமிடத்தை விரும்ப மாட்டார்.

எடையும் ஒரு நல்ல சாட்சி. 90 மீட்டர் காயிலில் 2.5 சதுர மி.மீ. செம்பு முழுதாக இருந்தால் செம்பு மட்டுமே 2 கிலோ எடை வரும், 1.5 காயிலில் 1.2 கிலோ, 4 காயிலில் 3.2 கிலோ. தரநிர்ணயம் உண்மையில் அளவிடுவது பரப்பை அன்று, மின்தடையை. அதனால் மிகத் தூய செம்பைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் ஒயரில் எடை சற்றுக் குறைவாக இருப்பது மோசடி ஆகாது. ஆனால் உறை, அட்டை எல்லாம் சேர்த்தே 2 கிலோவைத் தொடாத 2.5 காயில் சந்தேகத்துக்கு உரியது. செம்பின் விலை சந்தையில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு காயில் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்த மலிவு வேறெங்கிருந்தும் வர வழியில்லை.

அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயரும் சந்தையில் உலவுகிறது. பார்வைக்குச் செம்புதான். ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சூரியக் கேபிளில் வெளியே வெள்ளியும் உள்ளே செம்பும் இருக்கும், இதில் நேர்மாறு. அலுமினியம் கெட்ட கடத்தி அன்று. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கேபிள்களில் அது பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் செம்பின் திறனில் அதற்குச் சுமார் 61 விழுக்காடுதான் என்பதால் அதற்கேற்ற தடிமனில் போட வேண்டும். அதோடு, திருகுக்குக் கீழே நாளடைவில் நசுங்கித் தளர்வதும், மேலே ஆக்சைடு படிந்து இணைப்பைக் கெடுப்பதும் அதன் இயல்பு. செம்புக்கான கணக்கில் வாங்கிய 2.5-இல் உள்ளே அலுமினியம் இருந்தால், மேலே போட்ட அத்தனை கணக்கும் பொய்யாகிவிடும்.

வேலை முடிந்து உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மெயின் போர்டை மூடும் முன், ஒவ்வோர் எம்சிபிக்கும் நேராக எந்த அறை, எந்தச் சாதனம், எத்தனை சதுர மி.மீ. ஒயர், தனிப் பைப்பா பொதுப் பைப்பா என்று ஒரு தாளில் எழுதி, போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பிற்பாடு ஏசி கூட்டும்போதும் எம்சிபி மாற்றும்போதும், வருபவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளில் இருக்கும் எண்களைத்தான்.